முப்பதா, முப்பத்தொன்றா

மஞ்சக்குப்பம், கடலூர்
12.12.2024

அன்புள்ள கயலுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் அனுப்பிரியாவும் நலமா? இங்கே நாங்கள் நலம். புயல் மழையில் ஹாலுக்குள் வந்த தண்ணீர் வடிந்து ஒரு வாரம் ஆகிறது. உன் அண்ணி பவானி இன்னும் சுவரைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

என் நம்பரை நீ பிளாக் செய்து வைத்திருப்பதாக சிந்துஜா சொன்னாள். தீபாவளி அன்று நான் பேசியது அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன். நீ பேசியதும் ஒன்றும் குறைச்சல் இல்லை. போனில் பேசினால் அடுத்தவர் பேசி முடிக்கும் வரை நாம் இரண்டு பேருமே பொறுப்பதில்லை. போஸ்ட் மாஸ்டர் வீட்டுப் பிள்ளைகள்தானே, தபாலிலேயே பேசிக்கொள்வோம். அப்பா இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

விஷயத்துக்கு வருகிறேன். சிந்துஜா கல்யாணம் பிப்ரவரி பதினாறு, மாசி நான்கு, ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாகிவிட்டது. திருப்பாதிரிப்புலியூரில் மண்டபம். பத்திரிகை அடிக்கக் கொடுக்க வேண்டும். பெண்ணின் தாத்தா என்று அப்பா பெயரைப் போட வேண்டுமே, அதற்கு முன்னால் 'தெய்வத்திரு' போடுவதா வேண்டாமா? சம்பந்தி வீட்டிலும் நாசூக்காகக் கேட்டுவிட்டார்கள். "பெரியவர் இருக்காரா, இல்லையா சார்?" அரசாங்க ஆபீஸில் முப்பது வருடம் பதில் எழுதிப் பழகிய எனக்கு அதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

வரும் ஜனவரி முப்பதோடு ஏழு வருடம் முடிகிறது. ஏழு வருடம் ஒருவரைப் பற்றித் தகவலே இல்லையென்றால் அவர் இல்லை என்று சட்டமே எடுத்துக்கொள்கிறது. முப்பதாம் தேதி புவனகிரி வீட்டில் ஐயரை வைத்துக் காரியத்தை முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன். அதன் பிறகு பெயருக்கு முன்னால் போட வேண்டியதைப் போடலாம். அம்மாவும் ஒரு நிலைக்கு வரும். இப்போது பூவும் பொட்டுமாகத்தான் இருக்கிறது. மணமேடையில் முன்னால் வந்து நின்றால் நாலு பேர் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பின்னால் போய் நில் என்று சொல்ல எனக்கு வாய் வராது. இரண்டில் ஒன்று தெரிந்தால் எல்லாருக்கும் நிம்மதி.

அம்மாவிடம் கேட்டேன். "கயலு என்ன சொல்லுதோ அதுதான்" என்று சொல்லிவிட்டது. எனவே சம்மதம் என்று ஒரு வரி எழுது.

உன் அண்ணன்,
செந்தமிழ்ச்செல்வன்

*

சிதம்பரம்
18.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

'அப்பா இருந்தால்' என்று இரண்டாம் பத்தியிலேயே எழுதிவிட்டீர்கள். அப்புறம் என்னிடம் என்ன சம்மதம் கேட்கிறீர்கள்?

சிந்து கல்யாணத்தில் எனக்கு உங்களைவிட சந்தோஷம். நலங்கு வைக்க முதல் ஆளாக வருவேன். ஆனால் ஜனவரி முப்பதாம் தேதி காரியத்துக்கு வர மாட்டேன். ஏனென்றால் அது அந்த நாளே இல்லை. அந்த வருடம் தைப்பூசம் முப்பத்தொன்றாம் தேதி. புதன்கிழமை. சாயந்தரம் சந்திர கிரகணம். உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, ஏழு மாதம் வயிற்றில் பிள்ளையோடு இருந்த எனக்கு இருக்கிறது.

அப்பா கிளம்பும்போது அம்மாவிடம் என்ன சொல்லிவிட்டுப் போனார்? "வள்ளலார் நாள் முடிஞ்சதும் வந்துடறேன்." அவ்வளவுதான். போனைக்கூட சார்ஜரிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். அந்த நாள் எது என்பதில்தானே நாம் எல்லாருமே கோட்டை விட்டோம். வள்ளலார் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தச் சொன்னது 1874 ஜனவரி முப்பது. நீங்கள் அந்தக் கணக்கில், முப்பதோடு முடிந்தது, அப்பா ராத்திரியே வீடு திரும்பியிருப்பார் என்று இருந்துவிட்டீர்கள். எனக்குப் பூசம்தான் நாள். ஒன்றாம் தேதி திரும்புவார் என்று நினைத்தேன். வள்ளலார் கதவைச் சாத்திய தமிழ்த் தேதிப்படி தை பத்தொன்பது என்றால் அதுவும் ஒன்றாம் தேதிதான். அம்மாவுக்கோ மேட்டுக்குப்பத்தில் அந்த அறையைத் திறந்து காட்டுகிற நாள்தான் கணக்கு. அது பிப்ரவரி இரண்டு. மூன்றாம் தேதி வரை அம்மா வாசலில் கோலம் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்தது. ஒருத்தருக்கொருத்தர் போன் செய்து "வந்துட்டாரா?" என்று கேட்டதே நாலாம் தேதி காலையில்தான். வேறு எந்த வீட்டிலாவது இப்படி நடக்குமா அண்ணா? ஒரு மனிதரை நான்கு நாள் காணவில்லை என்பது யாருக்குமே தெரியவில்லை. ஆளுக்கொரு காலண்டர் வைத்திருந்தோம்.

போலீஸில் எழுதிக் கொடுக்கும்போது முப்பது என்று எழுதியது நீங்கள். வீட்டை விட்டுக் கிளம்பிய நாள் அது, சரி. அதுவே எப்படிக் காரியம் செய்கிற நாளாகும்? அன்றைக்கு அவரை யார் பார்த்தார்கள்?

'தெய்வத்திரு' போட வேண்டாம். அம்மா முன்னால் நிற்கட்டும். நாலு பேர் பார்த்தால் பார்க்கட்டும்.

தங்கை,
கயல்விழி

*

கடலூர்
27.12.2024

கயலுக்கு,

நேற்று சுனாமி வந்து இருபது வருடம். தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஆபீஸ் சார்பில் நானும் போய்ப் பால் ஊற்றிவிட்டு, பூப் போட்டுவிட்டு வந்தேன். அங்கே ஒரு அம்மாள், பிள்ளையைக் கடலில் பறிகொடுத்தவர். உடல் கிடைக்கவில்லையாம். "தேதியாவது இருக்குதே சார்" என்று என்னிடம் சொன்னார். நமக்கு அதுவும் இல்லை.

அப்பாவின் நோட்டு ஞாபகம் வந்தது. நீளமான ரிஜிஸ்டர். ஒரு தேதிக்கு ஒரு பக்கம், மொத்தம் முந்நூற்று அறுபத்தாறு பக்கம். தினமும் காலையில் தபால் முத்திரையில் தேதியை மாற்றி வைத்ததும், அந்தத் தேதியில் உலகத்தில் என்னென்ன நடந்தது என்று பார்த்து எழுதுவார். கூடவே நம் வீட்டு விஷயத்தையும் எழுதிவிடுவார். ஜனவரி முப்பது பக்கம் எனக்கு மனப்பாடம். 1649, இங்கிலாந்து ராஜா சார்லஸின் தலை வெட்டப்பட்டது. 1874, வள்ளலார். 1933, ஹிட்லர் ஜெர்மனியில் பதவிக்கு வந்தது. 1948, காந்தி. அதற்குக் கீழே, 1988, செல்வம் சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல் போனது! வள்ளலாருக்கும் காந்திக்கும் நடுவில் கோடு இழுத்து, 'இரண்டும் வெள்ளிக்கிழமை' என்று சிவப்பு மையில் எழுதியிருப்பார். அதில் என்ன கண்டார் என்று இன்று வரை எனக்குப் புரியவில்லை. உன் பிறந்த நாள் ஜூன் இருபதில் 1783 கடலூர்க் கடற்போர் இருக்கும். உன் வாயில் ஏன் பீரங்கி இருக்கிறது என்பது எனக்கு அப்போதே தெரியும்.

அந்த நோட்டையும் அப்பா கையோடு கொண்டுபோய்விட்டார். இருந்திருந்தால் அதைப் பார்த்தாவது ஒரு முடிவுக்கு வரலாம்.

முப்பது என்றால் முப்பதுதான் கயல். யார் பார்த்தார்கள் என்று என்னைக் குறுக்கு விசாரணை செய்யாதே. எனக்குத் தெரியும். அண்ணன் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள். பிரஸ்காரர் சபாபதி தினமும் போன் செய்கிறார். பொங்கலுக்குள் பதில் எழுது.

செல்வம்

*

சிதம்பரம்
06.01.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

'எனக்குத் தெரியும்' என்று எழுதினால் ஆயிற்றா? எப்படித் தெரியும் என்று எழுத மாட்டீர்களா? ஆபீஸில் மனு கொடுக்க வருகிறவர்களிடம் இப்படித்தான் பேசுவீர்களோ?

எனக்கும்தான் தெரியும், அது முப்பத்தொன்று என்று. காந்தியைச் சுட்டது முப்பது. தகனம் செய்தது முப்பத்தொன்று. நோட்டில் அந்தப் பக்கத்தில் அதுதான் முதல் வரி. ஒருவர் போனது ஒரு நாள், அவரை வழியனுப்புவது இன்னொரு நாள். நாம் எந்த நாளைப் பிடித்துக்கொண்டு இந்தச் சண்டை போடுகிறோம் என்பதே எனக்கு இப்போது குழப்பமாக இருக்கிறது. லேபில் ரத்த சாம்பிள் டியூபில் ஒட்டுகிற லேபிளில் நேற்று இரண்டு தடவை தேதியைத் தப்பாக எழுதினேன். டாக்டர் திட்டினார்.

அனு கேட்கிறாள், "தாத்தா செத்துட்டாரா, தொலைஞ்சுட்டாரா?" தொலைந்துவிட்டார் என்றேன். "அப்போ தேடணும்ல?" என்றாள். ஆறு வயதுப் பிள்ளைக்குத் தெரிகிறது.

அந்த வாரம் அப்பாவுக்கு உடம்பும் சரியில்லை. அந்த வறட்டு இருமலோடு, பனியில், எங்கே போய்ப் படுத்தாரோ, யார் வெந்நீர் கொடுத்தார்களோ என்று ஏழு வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் என்னடாவென்றால் ஐயரைக் கூப்பிட்டு எள்ளும் தண்ணீரும் இறைக்கிறேன் என்கிறீர்கள்.

நான் இதில் கையெழுத்துப் போட மாட்டேன். உங்களுக்குப் பிடித்ததைச் செய்துகொள்ளுங்கள்.

கயல்விழி

*

கடலூர்
14.01.2025, பொங்கல்

கயல்,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இங்கே பொங்கல் பொங்கி முடிந்து, எல்லாரும் டிவி பார்க்கிறார்கள். நான் மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அப்பாவுக்கு இருமல் என்று உனக்கு யார் சொன்னது? அந்த வருடப் பொங்கலுக்கு நீ புவனகிரி வந்துவிட்டுப் போனபோது அவர் நன்றாகத்தான் இருந்தார். அதன் பிறகு நீ அவரைப் பார்க்கவே இல்லை என்றுதான் போலீஸிலும் சொன்னாய். இருமல் அவருக்கு இருபத்தெட்டு, இருபத்தொன்பது வாக்கில்தான் வந்தது. அம்மா அதை யாரிடமும் சொல்லவில்லை, கேட்டுப் பார்த்துவிட்டேன். அந்த இருமல் எனக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்பாய். அதைத்தான் இன்று எழுத உட்கார்ந்தேன். பவானிக்குக்கூட இதுவரை சொன்னதில்லை.

ஜனவரி முப்பது, செவ்வாய்க்கிழமை. பதினொரு மணிக்குச் சங்கு ஊதியது. தியாகிகள் தினம், இரண்டு நிமிட மௌனம். செக்‌ஷனில் எல்லாரும் எழுந்து நின்றோம். நான் பதவி உயர்வில் அந்த ஆபீஸுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பெரிய அதிகாரி அன்று எங்கள் செக்‌ஷனுக்கே வந்து முன்னால் நின்றார். ஊசி விழுந்தால் கேட்கும். அப்போது வாசலில் ஒரு இருமல். வறட்டு இருமல், விட்டு விட்டு. எல்லாரும் தலையைத் திருப்பினார்கள். நானும் திருப்பினேன்.

அப்பா. கசங்கின வேட்டி, தோளில் மஞ்சள் பை, காலில் வார் அறுந்து ஊக்குப் போட்ட செருப்பு. என்னைப் பார்த்து ஏதோ கேட்க வாயைத் திறந்தார். நான் கையை ஆட்டினேன். எப்படி ஆட்டினேன் தெரியுமா? 'இருங்க' என்று இல்லை. 'போங்க' என்று. ஆபீஸில் நுழைந்த நாயை விரட்டுகிற மாதிரி. அவர் என் கையைப் பார்த்தார், எல்லாரும் நிற்பதைப் பார்த்தார், தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிட்டார்.

மௌனம் முடிந்ததும் பியூன் தேவசகாயம் கேட்டார், "யாரு சார் அந்தப் பெரியவரு?" அதிகாரி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். "யாரோ மனு குடுக்க வந்தவரு" என்று சொன்னேன். என் வாயால் சொன்னேன் கயல். அப்புறம் பத்து நிமிடம் கழித்து வெளியே போய்ப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டு வரை போனேன். இல்லை. வடலூர் போயிருப்பார், ராத்திரி வீட்டுக்கு வந்துவிடுவார், அப்புறம் போய்க் காலில் விழுந்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அதனால்தான் முப்பது. என்னைப் பொறுத்தவரை அப்பா அன்றைக்குத்தான் போனார். நான் அனுப்பினேன். அந்த நாளில் நான் உட்கார்ந்து பிண்டம் வைத்து, மன்னிப்புக் கேட்க வேண்டும். அதற்குத்தான் இத்தனை அவசரம். பத்திரிகை, சம்பந்தி எல்லாம் சாக்கு. அம்மாவின் பூவையும் பொட்டையும் வைத்து என் பாரத்தை இறக்கப் பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது.

இப்போது நீ சொல். அந்த இருமலை நீ எங்கே கேட்டாய்?

செல்வம்

*

சிதம்பரம்
24.01.2025

அண்ணா,

பத்து நாளாக எழுதி எழுதிக் கிழித்தேன். இந்தக் கடிதத்தோடு ஸ்பீட் போஸ்டில் ஒரு பார்சல் வருகிறது. அதைப் பிரிப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். படித்த பிறகு என்னை என்ன திட்ட வேண்டுமோ திட்டுங்கள். நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன்.

முப்பத்தொன்றாம் தேதி சாயந்தரம். பதினொரு வருடம் கழித்து எனக்கு வயிற்றில் தங்கிய பிள்ளை, உங்களுக்குத் தெரியும். கிரகணம் பிடிப்பதற்கு முன்பே அத்தை கதவு ஜன்னலையெல்லாம் சாத்தித் திரையும் போட்டு, மடியில் தர்ப்பையை வைத்து என்னை உள் அறையில் உட்கார வைத்துவிட்டார். இவர் கடையிலிருந்து வரவில்லை. ஏழு மணி இருக்கும். கதவு தட்டுகிற சத்தம். "யாரா இருந்தாலும் விட்டப்புறம் வரட்டும், நீ எழுந்திருக்காத" என்று அத்தை கையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். மறுபடி தட்டினார்கள். அப்புறம் இருமல். வறட்டு இருமல், விட்டு விட்டு. எனக்குத் தெரியாதா அண்ணா? பிறந்ததிலிருந்து கேட்ட தொண்டை. "எங்கப்பா" என்று சொல்ல வாய் வரை வந்தது. பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? வாயை மூடிக்கொண்டேன். வெளியில் அப்பா, உள்ளே நான். நடுவில் ஒரு கதவு. குரல் கொடுத்திருக்கலாம். 'இருங்கப்பா, திண்ணையில் உக்காருங்க' என்று ஒரு வார்த்தை. அதுகூடக் கொடுக்கவில்லை.

கிரகணம் விட்டு, குளித்துவிட்டுக் கதவைத் திறந்தபோது யாரும் இல்லை. கிரில் கம்பியில் மஞ்சள் பை தொங்கியது. உள்ளே நோட்டு.

ஆமாம் அண்ணா. நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. ஏழு வருடமாக, பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில்.

போலீஸில் கேட்டபோது நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சிதம்பரம் ரயிலடியிலும் பஸ் ஸ்டாண்டிலும் தேடியிருப்பார்கள். நீங்கள் எல்லாரும் வடலூரிலும் கடலூரிலும் அலைந்தீர்கள். நாலாம் தேதிக்குப் பிறகு தேடிக் கிடைத்திருக்கப் போகிறாரா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். பெற்ற அப்பாவுக்குக் கதவு திறக்காதவள் என்று ஊர் சொல்லுமே என்று பயந்தேன். அவ்வளவுதான்.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. உங்கள் பொங்கல் கடிதத்தைப் படித்த பிறகுதான் அது எனக்கே புரிந்தது. நோட்டில் ஜனவரி முப்பது பக்கத்தைப் பிரித்துப் பாருங்கள். உங்கள் முன்பல்லுக்குக் கீழே, ஆடிப்போன கையெழுத்தில் அப்பா எழுதியிருக்கிறார்:

'2018. இன்று இருபத்தொன்பதா முப்பதா என்று தெரியவில்லை. இப்போதெல்லாம் தேதி நிற்கமாட்டேன் என்கிறது. செல்வத்தைக் கேட்கலாம் என்று கடலூர் போனேன். ஆபீஸில் எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள். யாரும் பேசவில்லை. அப்படியானால் முப்பதுதான். செல்வம் நிமிர்ந்து நின்றான். கேட்க வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று.'

அவர் தேதி கேட்கத்தான் வந்தார் அண்ணா. நீங்கள் விரட்டியதாக ஒரு வார்த்தை இல்லை. தேடி வந்த பதில் கிடைத்துத் திரும்பியிருக்கிறார். இதை நான் ஏழு வருடமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அப்பாவுக்கு ஞாபகம் தவற ஆரம்பித்துவிட்டது என்றுதான் புரிந்துகொண்டேன். நீங்கள் இந்தப் பக்கத்துக்காகக் காத்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால், சத்தியமாக, என் மானம் போனாலும் அன்றே கொண்டுவந்து கொடுத்திருப்பேன். கொடுத்திருப்பேன் என்றுதான் நம்புகிறேன்.

அடுத்த பக்கம் எனக்கு. முப்பத்தொன்று:

'2018. காலையில் ஜோதி பார்த்தேன். அப்படியானால் பூசம். சாயந்தரம் சந்திரன் சிவந்து மறைந்தது. கயல் வீட்டுக் கதவு சாத்தியிருக்கிறது. பிள்ளைத்தாச்சி, திறக்க மாட்டார்கள். அதுதான் சரி. ஆகவே இன்று முப்பத்தொன்றுதான்.'

அதற்கு அடுத்த பக்கம் பிப்ரவரி ஒன்று. 'இன்று' என்று மட்டும் எழுதி நிறுத்தியிருக்கிறார். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. தெரு விளக்கடியில் நின்று பக்கத்தைப் புரட்டி, நாளைக்கு என்ன தேதி என்று யாரைக் கேட்பது என்று தெரியாமல், பையை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார் போல.

எனக்கு இதற்கு மேல் எழுத வரவில்லை. நீங்கள் முப்பது என்று போட்டாலும் சரி, முப்பத்தொன்று என்று போட்டாலும் சரி, தெய்வத்திரு போட்டாலும் சரி. நான் எதுவும் சொல்ல மாட்டேன். அந்த உரிமை எனக்கு இல்லை.

கயல்

*

கடலூர்
30.01.2025

அன்புள்ள கயலுக்கு,

பார்சல் திங்கட்கிழமை ஆபீஸுக்கு வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கியது தேவசகாயம். "அப்பா நோட்டு" என்று அவரிடம் சொன்னேன். "உங்கப்பாவா சார், அவரை நான் பாத்ததே இல்லியே" என்றார். "பாத்திருக்கீங்க" என்று மட்டும் சொன்னேன். மீதியை இன்னொரு நாள் சொல்வேன்.

உன்னைத் திட்ட வேண்டும் என்று இரண்டு நாள் இருந்தேன். உண்மையாகவே கோபம் வந்தது, மறைக்கவில்லை. ஏழு வருடம், கயல்! ஆனால் திட்டுவதற்கு வாயைத் திறந்தால் என் கை குறுக்கே வருகிறது. அந்த ஆட்டின கை. எனவே அதை இத்தோடு விடுவோம்.

செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டு புவனகிரி போனேன். அம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தது. இரண்டு பக்கத்தையும் படித்துக் காட்டினேன். நான் செய்தது, நீ செய்தது, எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா அழவில்லை. மொச்சையை உரிப்பதையும் நிறுத்தவில்லை. அப்படியே சொன்னது:

"ஒரு வருசமாவே காலையில எழுந்ததும் என்னத்தான் கேப்பாரு. இன்னிக்கி என்னா தேதின்னு. நான் காலண்டரப் பாத்துச் சொல்லுவேன். வெளிய தெரிஞ்சா தேதி முத்திர குத்தின மனுசனுக்கு அவமானம்னு உங்க ரெண்டு பேருகிட்டயும் சொல்லல. அன்னிக்கி அஞ்சு தடவ கேட்டாரு. அடுப்புல பால் பொங்குது. எனக்கு ஆத்திரம் வந்துருச்சு. எனக்குத் தெரியாது, போயி உம் புள்ளையக் கேளுன்னு சொல்லிட்டேன். அதான் ஒங்கிட்ட வந்தாரு."

இத்தனை நாள் நான் ஒருவன்தான் அவரை அனுப்பினேன் என்று இருந்தேன். நீ ஒருத்திதான் என்று நீ இருந்தாய். நாளெல்லாம் கோலம் போட்டுக்கொண்டு அம்மாவும் அப்படியே இருந்திருக்கிறது. மூன்று பேரும் மூன்று ஊரில், ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல். அவர் மூன்று வாசலுக்கும் வந்து தேதி கேட்டிருக்கிறார். எது அவர் போன நாள் என்று இப்போது கேட்டால் எனக்கு முன்னைவிடக் குழப்பம்தான். காரியம் எதுவும் செய்யப் போவதில்லை. செய்ய எனக்கு ஒரு தேதி இல்லை.

இன்று பதினொரு மணிக்குச் சங்கு ஊதியது. எல்லாரும் காந்தி படத்தைப் பார்த்து நின்றார்கள். நான் வாசலைப் பார்த்து நின்றேன். இரண்டு நிமிடம் இவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது. நடுவில் ஒரு கிழவர் மனுவோடு வந்து எட்டிப் பார்த்தார். நம் அப்பா இல்லை. நான் போய் அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்து என் நாற்காலியில் உட்கார வைத்தேன். மௌனத்தில் நாற்காலி கிறீச்சிட்டது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

பத்திரிகை விஷயம். அம்மாவைத்தான் கேட்டேன். "பேருக்கு முன்னால ஒண்ணும் போடாத" என்றது. சரி என்றேன். கிளம்பும்போது வாசல் வரை வந்து, "செல்வம், தேதிய மட்டும் பெருசாப் போடச் சொல்லு. கண்ணாடி இல்லாமத்தான் போனாரு" என்றது.

சாயந்தரம் சபாபதி பிரஸ்ஸில் புரூஃப் பார்த்தேன். அம்மா பெயரும் அப்பா பெயரும் பக்கத்தில் பக்கத்தில், முன்னால் எதுவும் இல்லாமல். சபாபதி கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "என்னா சார் இது, மாப்பிள்ளை பேர விட, பொண்ணு பேர விட, தேதி இவ்வளவு பெருசா இருக்குது? எல்லாரும் சிரிப்பாங்க."

"இருக்கட்டும், போடுங்க" என்றேன். "எங்கப்பாவுக்குத் தேதிதான் தெரியணும்."

உன் அண்ணன்,
செல்வம்